பலூன் கிண்ணத்துக்கு என்ன விலை?

1945க்கு முன்பு ராணுவ சேவை முடிந்து ஊர் திரும்பும் ஜப்பானியச் சிப்பாய், தன்னை வழியனுப்பிய சொந்தபந்தங்களுக்கு ஒரு சின்ன சாக்கே கிண்ணம் கொடுப்பது வழக்கம். சாக்கே என்பது அவர்கள் ஊர் அரிசி மது. கிண்ணம் அரசாங்கம் தந்த பதக்கம் இல்லை, அவன் வீட்டுக் காசில் செய்த நன்றி. நட்சத்திரம், செர்ரிப் பூ, படைப்பிரிவின் பெயர்... பலவற்றில் அவன் குடும்பப் பெயரும் இருக்கும்.

காலாட்படைக் கிண்ணங்கள் ஏராளம். பலூன் பிரிவுக் கிண்ணம்தான் அபூர்வம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அதில் ஆட்கள் குறைவு! 1904ல் போர்ட் ஆர்தர் முற்றுகையில் ரஷ்யர்களை மேலிருந்து வேவு பார்த்தவை இந்த பலூன்கள். 1927ல் பிரிவு சிபாவுக்கு இடம் மாறியது.

பலூன் படம் தெரிந்தாலே சேகரிப்பாளர்கள் பாய்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. பழைய வெறுங்கிண்ணத்தில் புதிதாக ஒரு பலூனை வரைந்துவிட்டால் விலை ஏறிவிடுமே?

இன்னொன்று, அது வெறும் அழகான படமும் இல்லை. இதே பலூன் படைதான் 1944 நவம்பரிலிருந்து 1945 ஏப்ரல் வரை, காகித பலூன்களில் குண்டு கட்டி அமெரிக்காவை நோக்கி விட்டது. சுமார் 9,300 பலூன்கள். காகிதம் ஒட்டியவர்களில் பள்ளி மாணவிகளும் உண்டு. 1945 மே 5 அன்று ஓரிகனில் பிளை என்ற ஊருக்கு அருகே ஒன்று வெடித்து, ஒரு கர்ப்பிணியும் 5 பிள்ளைகளும் இறந்தார்கள்.

1920களில் கிண்ணம் கொடுத்த சிப்பாய்க்கு இதில் பங்கில்லை. அவனையும் குண்டு விட்டவனையும் ஒரே அலமாரியில் "அபூர்வம்" என்று சீட்டு ஒட்டி வைப்பது அநியாயம். சேகரிக்கட்டும், ஆனால் சீட்டில் வருடத்தையும் பெயரையும் எழுதட்டும்.