வாழையடி வாழை

செல் பகுப்பின் நிலைகள் யாவை என்று கேட்டால் நாம் மூச்சு விடாமல் ஒப்பிப்போம்: புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். வெங்காய வேர்நுனியை நான்கு கட்டங்களில் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். அந்தப் பகுப்பு நம் வயலில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டாலோ விழிக்கிறோம். இது கல்வியாகுமா?

பெயர்கள் நாம் இட்டவை. தாமிரபரணி பாபநாசத்தில் நின்று, சேரன்மகாதேவியில் நின்றா ஓடுகிறது? செல்லும் அப்படியே. குரோமோசோம்கள் தடித்துத் தோன்றுவதும், நடுவே அணிவகுப்பதும், பிரிந்து இரு முனைகளுக்கு நகர்வதும், புதிய உட்கருக்கள் அமைவதும் இடையறாத ஒரே ஓட்டம். 1882-இல் இதனை விளக்கி 'மைட்டாசிஸ்' என்று பெயரிட்ட ஜெர்மானிய அறிஞர் ஃபிளெமிங், சாலமாண்டரின் செல்களைப் பார்த்துப் பார்த்தே அறிந்தார், ஒப்பித்து அல்ல.

நமக்குச் சாலமாண்டர் வேண்டாம், வாழை போதும். நெல்லைச் சீமையில் விளையும் ஏத்தனிலும் ரஸ்தாளியிலும் விதை ஏன் இல்லை? அவற்றின் செல்லில் 11 குரோமோசோம்கள் கொண்ட தொகுதிகள் மூன்று, ஆக 33. மியாசிஸ் என்னும் குன்றல் பகுப்பில் மூன்றை இரண்டாகச் சமமாய்ப் பங்கிட இயலாது. எனவே வளமான மகரந்தமும் சூலும் அமைவது அரிது. மகரந்தம் சேராமலே காய் திரளும் இயல்பு இருப்பதால் நமக்குப் பழம் கிடைக்கிறது; விதை கிடைப்பதில்லை. கிழங்கில் கிளைக்கும் கன்றே அடுத்த தலைமுறை. அக்கன்றை வளர்ப்பது மைட்டாசிஸ். தாயின் 33 குரோமோசோம்களும் அப்படியே கன்றுக்கு வருகின்றன. 'வாழையடி வாழையாக' என்று பெரியோர் வாழ்த்துகிறார்களே, அதன் அறிவியல் இதுதான்!

அவ்வாழ்த்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாக் கன்றும் ஒரே அச்சில் வார்த்தவையானால், ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். மத்திய அமெரிக்காவில் 'குரோ மிஷேல்' வாழைத் தோட்டங்களைப் பனாமா வாடல் நோய் 1950-களில் அழித்தது. நம் ரஸ்தாளியும் அந்நோய்க்கு எளிதில் இரையாவதே. திசு வளர்ப்புக் கன்று நோயின்றி வரலாம். ஆனால் அதுவும் அதே அச்சுத்தான். நோய் தாங்கும் புது இரகம் தேடுவோர் விதையுள்ள காட்டு வாழையையும் குன்றல் பகுப்பையும் நாடுவது இதனால்தான்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வெங்காயம் இருக்கட்டும், "வாழைக்கு விதை ஏன் இல்லை?" என்ற வினாவோடு பாடத்தைத் தொடங்குங்கள். தோழர்களே, கன்று பிரித்து நடும் உழவர் ஒருவருக்கு இப்பாடத்தைச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு விளங்கினால்தான் நாம் படித்தோம் எனலாம்.