சுக்குக் காப்பியில் காப்பி உண்டா?

சென்ற மாதம் ஒரு மாலை, வழக்கமாகச் சாமான் வாங்கும் பெரியவர் ஒருவர் என் கடைக்கு வந்தார். "தூக்கமே வரமாட்டேங்குது தம்பி. டாக்டர் காப்பி, டீ ரெண்டும் வேண்டாங்கிறார். மூலிகை டீன்னு விக்கிறாங்களாமே, அதக் குடு" என்றார்.

அலமாரியில் ஆவாரம்பூ, துளசி, தென் அமெரிக்காவிலிருந்து வந்த யெர்பா மாத்தே என்று மூன்று பொட்டலங்கள் இருந்தன. மூன்றிலும் "மூலிகை டீ" என்றே அச்சிட்டிருந்தது. கைக்கு வந்த மாத்தேயை எடுத்துவிட்டேன். நல்லவேளை, பின்பக்கத்தைப் படித்தேன்.

அர்ஜென்டினா, பராகுவே மக்கள் சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு, கொதி வராத வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிக்கும் பானம் அது. காப்பியில் உள்ள அதே காஃபின் அதிலும் உண்டு. துளசிப் பொட்டலத்தைத் திருப்பினால், அதில் பாதி தேயிலை! நம் ஊர்ச் சுக்குக் காப்பியோ இதற்கு நேர்மாறு. பெயரில்தான் காப்பி, உள்ளே இருப்பது சுக்கு, மல்லி, மிளகு, ஏலம். காப்பித்தூள் கலக்காதவரை காஃபின் துளியும் கிடையாது.

பெயரை நம்பி விற்றால் வாடிக்கையாளருக்குத் தூக்கம் போகும். நமக்குப் பணமும் போகும். தேயிலைச் செடியிலிருந்து வராத எதையும் "டீ" என்று விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, தவறான பெயரிட்ட உணவுப் பொருளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விற்றவருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

"அச்சடித்தவன் ஒருவன், அபராதம் கட்டுபவன் இன்னொருவனா?" என்று கீழவாசல் நண்பர் ஒருவர் குமுறினார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனாலும், உள்ளே இருப்பதை வெளியே சொல்லச் சொல்லும் இந்த விதி நமக்கு நல்லது என்பதே என் கருத்து.

சிக்கரியை எடுத்துக்கொள்வோம். அது காஃபின் இல்லாத வேர். காப்பியைவிட விலை குறைவு. டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும். கலவையில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது விதி. அதனால் கும்பகோணத்தில் காப்பித்தூள் வியாபாரம் படுத்துவிட்டதா? இல்லையே! "எண்பதுக்கு இருபது போடுங்க" என்று வாடிக்கையாளரே கேட்டு வாங்கிப் போகிறார். தெரிந்து வாங்குகிறவர் மறுபடியும் வருவார்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். பில் இல்லாமல் எந்தப் பொட்டலத்தையும் கடைக்குள் ஏற்ற வேண்டாம்; நாளைக்கு நம் பக்கம் பேசும் சாட்சி அந்தப் பில்தான். சரக்கு இறங்கியதும் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அலமாரியில் வைப்போம். நாமே அரைத்துக் கட்டும் பொடிக்குச் "சுக்குமல்லிப் பொடி" என்று உள்ளதைச் சொல்லிப் பெயரிட்டு, சேர்மானத்தையும் எழுதுவோம். ஆணையத்தின் விளக்கம் டீயைப் பற்றியதுதான். ஆனால் காப்பி என்ற சொல்லுக்கும் அதே நியாயம்தானே?

சங்கமும் ஒன்று செய்ய வேண்டும். பழைய பெயரோடு தேங்கிக் கிடக்கும் பொட்டலங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி விநியோகஸ்தர்களுக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் போக வேண்டும். ஒரு கடைக்காரர் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். ஊரே சேர்ந்து கேட்டால் பதில் வரும்.

பெரியவருக்கு அன்று சுக்குமல்லிப் பொடிதான் கொடுத்தேன். இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டு, ஒன்றரையாகச் சுண்டியதும் பனைவெல்லம் தட்டிப்போட்டு வடிகட்டச் சொன்னேன். சர்க்கரை வியாதி இருந்தால் வெல்லம் வேண்டாம் என்றும் சொன்னேன். மாத்தேயின் விலையில் கால் பங்குகூட இல்லாத வியாபாரம்தான். ஆனால் மறுவாரம் அவர் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வந்தார்.