மருமகனும் பழைய கார்வெட்டும்



மிச்சிகனில் இருக்கும் என் தங்கை மகன் 1994ஆம் வருடத்து கார்வெட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். தினமும் வேலைக்கு அதில்தான் போவானாம். "என்ன மாமா சொல்றீங்க?" என்றான்.

ஆசைக்கு வாங்கு, தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம் என்றேன். 5.7 லிட்டர் வி8 எஞ்சின், யாருக்குத்தான் ஆசை வராது? மேல்பகுதி ஃபைபர், துருப்பிடிக்காது. அந்தப் பளபளப்பில்தான் ஏமாறுகிறோம். அடியில் இருக்கும் சட்டம் இரும்பு. அங்கே பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்புப் போடுவார்கள், இரும்பை அரித்துவிடும். இன்னொரு வேடிக்கை, டிஸ்ட்ரிபியூட்டரை வாட்டர் பம்ப்புக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். பம்ப் கசிந்தால் தண்ணீர் அதன் தலையில்தான். அடுப்புக்கு மேல் குடத்தைத் தொங்கவிட்ட கதை!

நானும் பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்து, மணி அடித்தபிறகு வகுப்புக்கு வந்தவன்தான். நீங்கள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. எனக்குத் திட்டு மட்டும்தான் கிடைத்தது. இவன் மனைவிக்கு மாசியில் பிரசவம். அந்தக் காரில் இருக்கையே இரண்டுதான்.

வேலைக்கு ஒரு சாதாரண கார் வைத்துக்கொள், இதைக் கோடையில் ஓட்டு என்றேன். சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. டெட்ராய்ட் பக்கம் இருக்கும் என் மாணவர்கள் யாராவது கூடப் போய், வண்டியை லிஃப்டில் தூக்கி அடியைப் பார்த்துச் சொல்லுங்களேன்.