பொன் முட்டைப் பட்டம்

ஆலங்குடிப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் மணமக்களின் பெயரைவிடப் பட்டமே துருத்திக்கொண்டு நிற்கிறது. கேட்டால் “பரம்பரை” என்கிறார்கள்.

பரம்பரையின் யோக்கியதையைக் கொரியா தேசத்தில் பாருங்கள். அங்கே ‘கிம்’ என்றால் பொன். கிம்ஹே கிம் வமிசத்தின் மூலபுருஷன் ஆகாயத்திலிருந்து இறங்கிய பொன் முட்டையில் பிறந்தவனாம்! (நம் புராணக்காரர்கள் அகத்தியனுக்கு மண்குடத்தோடு நின்றுவிட்டார்கள்.) 2015-ம் வருஷத்து ஜனக்கணக்கில் தென்கொரியாவில் ஐந்தில் ஒருவருக்குமேல் கிம். இத்தனை பேரும் ஒரே முட்டைக்குள்ளா இருந்தார்கள்? சங்கதி வேறு. அடிமைகளுக்கு அங்கே குடிப்பெயரே கிடையாது. ஏழைகளில் பலருக்கும் இல்லை. கையில் பணம் சேர்ந்தவன் பிரபுக்களின் வமிசாவளி ஏட்டை விலைக்கு வாங்கினான். 1909-ல் குடும்பப் பதிவுச் சட்டம் வந்ததும் மற்றவர்களும் பெரிய இடத்துப் பெயராகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததும் நல்லதே. இன்று கிம் என்ற பெயரைக் கேட்டு ஒருவனை மேல், கீழ் என்று சொல்ல அங்கே எவனாலும் முடியாது.

இங்கேயோ, அம்பலம் என்பது ஊர்க்கூட்டம் நடத்தினவனின் உத்தியோகம். சேர்வை என்பது படை நடத்தினவனின் உத்தியோகம். கூட்டமும் படையும் போன பிறகும் பட்டம் மட்டும் ஜாதியாக நிற்கிறது. அதைச் சேரித் தோழர் ஒருவர் தம் பத்திரிகையில் போட்டுக்கொண்டால் சம்மதிப்பீர்களா? சம்மதமில்லையென்றால், 1929-ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தபடி நீங்களாவது அதை விடலாமே! அச்சுக்கூலியும் ஒரு வரி குறையும்.