ஊக்கம் என்னும் பொய்

அண்மையில் திருமண வீடொன்றில் நெடுநாளைய நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். பந்தியில் அருகருகே அமர்ந்திருந்தோம். நான் பாயசத்தை ஒதுக்கி வைத்ததைக் கண்டுவிட்டு, "இன்னமும் ஓடுகின்றீரோ?" என்று கேட்டார். ஆம் என்றேன். "இந்த வயதில் அதற்கான ஊக்கம் உமக்கு எங்கிருந்து வருகின்றது?" என்றார். "வருவதேயில்லை" என்றேன். தன்னடக்கம் என்று எண்ணி அவர் சிரித்தார். நான் சொன்னது உண்மை. அவருக்குப் பந்தியில் விளக்க முடியாமற் போனதை இங்கே எழுதுகின்றேன்.

எனக்கு இப்போது வயது 57. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் வைத்தியர் ஒருவர் எனது இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்று தொடங்கிய ஓட்டம். வாரத்தில் நான்கு நாட்கள், வெள்ளவத்தையிலிருந்து கடற்கரை வீதி வழியாகக் கொள்ளுப்பிட்டிப் பக்கமாகச் சென்று திரும்புவேன். இந்த எட்டு ஆண்டுகளில் உற்சாகத்தோடு எழுந்து சப்பாத்தை மாட்டிய காலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏனைய நாட்களில் என்னையும் வைத்தியரையும் சபித்துக்கொண்டேதான் படியிறங்கியிருக்கின்றேன்.

இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் பணியாற்றியவன் நான். ஆசிரியபீடத்தில் எவருக்கேனும் ஊக்கம் பிறந்ததால் மறுநாள் பத்திரிகை வெளிவந்ததாக நான் அறியேன். இரவு குறித்த நேரத்துக்குப் பக்கங்கள் அச்சுக்கூடத்துக்குப் போயாக வேண்டும். காய்ச்சலோ, வீட்டில் சச்சரவோ, எழுத மனமில்லாத நாளோ, நேரம் வந்தால் பக்கம் போகும். ஒரு தொழிலையே இவ்வாறு நடத்தத் தெரிந்த நாம், ஓட்டம் என்று வந்தவுடன் மட்டும் உள்ளத்தில் ஏதோ தீப்பொறி விழட்டும் என்று கட்டிலில் காத்துக் கிடப்பது ஏன்?

நம்மை அவ்வாறு காத்திருக்கப் பழக்கியவர்கள் இருக்கின்றார்கள். ஊக்க உரை நிகழ்த்துவோரைச் சொல்கின்றேன். "21 நாட்கள் தொடர்ந்து செய்யுங்கள், பழக்கமாகிவிடும்" என்பது அவர்கள் மேடைதோறும் ஓதும் மந்திரம். இந்த 21 எங்கிருந்து வந்தது? மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவைச் சிகிச்சை நிபுணர் 1960இல் வெளியிட்ட நூலொன்றிலிருந்து வந்தது. மாற்றியமைக்கப்பட்ட தமது முகத்துக்கு நோயாளிகள் பழகுவதற்குக் குறைந்தது 21 நாட்களாவது எடுக்கின்றன என்பது அவரது அவதானம். அதில் "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. முகமும் தொலைந்து, மிஞ்சியது 21 மட்டுமே.

மெய்யான ஆய்வு வேறு கணக்கைச் சொல்கின்றது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவரது குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. புதிய செயலொன்று தானாகவே நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆகுமென அவர்கள் கணித்தனர். ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. இன்னொன்றையும் அவர்கள் கண்டனர்: இடையில் ஒருநாள் தவறினால் பழக்கம் உருவாவதற்குப் பெரிய பாதகம் ஏதுமில்லை. அதாவது, 22ஆம் நாள் எழும்ப மனமின்றிப் படுத்திருந்தவர் தோற்றுப்போனவர் அல்லர். அவர் இன்னமும் பாதி வழியைக்கூடக் கடக்காதவர். இதை அவருக்கு எடுத்துச் சொல்லாமல் "உமக்கு மனவுறுதி இல்லை" என்று சொல்வது எவ்வளவு பெரிய அநீதி!

இந்த மேடைகளில் தவறாது இழுக்கப்படும் மற்றொருவர் நமது நாட்டின் ரணதுங்க கருணானந்த. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்தில் 67ஆம் இலக்கத்துடன் ஓடியவர். அமெரிக்கரான பில்லி மில்ஸ் வென்று, மற்றெல்லோரும் ஓடி முடித்த பின்னரும், இவருக்குச் சில சுற்றுகள் எஞ்சியிருந்தன. தனியொருவராக ஓடினார். முதலில் நகைத்த அரங்கம் பின்னர் எழுந்து நின்று கைதட்டியது. ஜப்பானியப் பாடநூலிலும் அக்கதை இடம்பெற்றது. "பாருங்கள், அதுவல்லவோ மனவுறுதி!" என்று முழங்குவார்கள். முழங்கட்டும். ஆனால் கைதட்டுவதற்கு எவருமற்ற எத்தனை காலைகளில் அந்த இராணுவ வீரர் ஓடியிருப்பார் என்று எவராவது கேட்டதுண்டா? அன்று மாலை அவரைச் சுமந்தவை அந்தக் காலைகளே. அத்துடன், அவர் தமக்கு இயன்ற வேகத்தில் ஓடினார். கடைசியாக வருவதற்கு வெட்கப்படவில்லை. நமக்குப் பயன்படும் பாடம் இதுதான். மேடையில் சொல்லப்படாததும் இதுதான்.

ஏனெனில், நம்மவர்களில் பலர் ஓட்டத்தைக் கைவிடுவது ஊக்கம் குறைந்ததால் அன்று, வேகம் மிகுந்ததால். நெடுந்தூர ஓட்டத்தை நாம் அறிந்ததெல்லாம் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியின் மரதன் ஓட்டத்தில்தான். பயிற்சி ஏதுமின்றி ஒருநாள் மூச்சிரைக்க ஓடுவோம். சந்தியில் நின்று ஆசிரியர்கள் தோடம்பழச் சுளையும் குளுக்கோசும் தருவார்கள். மறுநாள் கால் தூக்க முடியாது. அடுத்த ஆண்டு வரை ஓட்டமும் இல்லை. ஐம்பது வயதில் மீண்டும் தொடங்கும்போதும் அதே சிறுவனாகத்தான் வீதியில் இறங்குகின்றோம். பக்கத்தில் வருபவரோடு முழு வசனத்தில் பேசிக்கொண்டு ஓட முடியாவிட்டால் அது நமக்கு மிகையான வேகம். இந்த ஒரு விதியை அறிந்திருந்தால் முதல் ஆண்டில் முழங்கால் வலியோடு இரண்டு மாதங்கள் நான் வீட்டில் கிடந்திருக்க மாட்டேன்.

விருப்பமே இல்லாமல் எவராவது ஓடத் தொடங்குவாரா என்று நீங்கள் கேட்கலாம். தொடங்க மாட்டார். முதல்நாள் கதவைத் திறப்பது விருப்பந்தான். நூறாவது நாள் கதவைத் திறப்பது வேறொன்று. எனது விடயத்தில் அது அடுத்த ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். சரியாக ஐந்து மணிக்குப் படலையடியில் நின்று, "தம்பி, எழும்பியாச்சோ?" என்பார். எழுபதை எட்டும் மனிதரை இருளில் காக்க வைக்க இயலாது. "வாறன் அண்ணை" என்று இறங்கிவிடுவேன். பின்னொருநாள் அவர் சொன்னார், நான் காத்திருப்பேனே என்பதற்காகத்தான் தாமும் எழும்புகின்றாராம்.

இதையெல்லாம் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்றும் கேட்டுக்கொள்கின்றேன். நானும் குற்றவாளியே. 2012ஆம் ஆண்டில், நான் பொறுப்பாயிருந்த வாரப் பக்கமொன்றில், "மனமிருந்தால் நெடுந்தூரமும் குறுந்தூரம்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினேன். அப்போது நான் பேருந்துத் தரிப்பிடம் வரைகூட ஓடியதில்லை. அதைப் படித்துவிட்டு மட்டக்களப்பிலிருந்து ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பாடசாலைக்குப் போகுமுன் விடியற்காலையில் ஓடத் தொடங்கினாராம். வீதியில் விளக்கில்லை. கட்டாக்காலி நாய்கள் துரத்தின. பின்னர் மோட்டார் சைக்கிளில் வந்த இரு இளைஞர்கள் நாள்தோறும் பின்தொடர்ந்து கேலி பேசினர். இரண்டு வாரங்களில் நிறுத்திவிட்டார். தமக்கு மனவுறுதி போதாது போலும் என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அதற்கு நான் என்ன செய்தேன்? "மனம் தளராதீர்கள், தடைகளே படிக்கற்கள்" என்று இரண்டு வரிகளைப் பதிலாகப் பிரசுரித்தேன். பத்திரிகையாளன் செய்ய வேண்டியது அதுவா? அந்த வீதியில் ஏன் விளக்கில்லை என்று உள்ளூராட்சி சபையிடம் கேட்டிருக்க வேண்டும். நாய்களைப் பற்றியும் அந்த இளைஞர்களைப் பற்றியும் செய்தி எழுதியிருக்க வேண்டும். விளக்கில்லாத வீதியை மறைத்துவிட்டு, ஒரு பெண்ணின் மனத்தில் குறை தேடிக் கொடுத்தேன். ஊக்கப் பேச்சு செய்யும் வேலை இதுவே. சபைகளும் சமூகமும் செய்யத் தவறியதை ஓடுபவரின் கணக்கில் எழுதிவிடுகின்றது.

நாளை அதிகாலை ஐந்து மணிக்கு எனக்கு ஓட விருப்பமிராது. அது எனக்கு இப்போதே தெரியும். ஐந்தேகாலுக்கு, விளக்கெரியும் கடற்கரை வீதியில், நாய்க்கும் கேலிக்கும் அஞ்சாத ஆண்பிள்ளையாக, அண்ணையோடு கதைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பேன். இதில் எனது மனவுறுதியின் பங்கு மிகச் சிறியது.

அந்த ஆசிரியை எங்கிருந்தாயினும் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று நான் எழுதிய இரண்டு வரிகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கின்றேன். அம்மா, குறை உங்களிடம் இருக்கவில்லை.