முற்றத்துச் சுவரை விட்டுவையுங்கள்

சண்டிகரின் பழைய நாற்காலிகளுக்கு ஐரோப்பிய ஏலக்கூடங்களில் லட்சக்கணக்கில் விலை. பியர் ஜனரேயும் அவருடைய இந்திய சகாக்களும் அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்தவை அவை. உடைந்த சாமான் என்று கழித்துக் கட்டியதெல்லாம் கடல் கடப்பதைக் கண்டு விழித்துக்கொண்ட மத்திய உள்துறை அமைச்சகம் 2011ல் அவற்றை விற்கத் தடை போட்டது. அதே காலத்துச் சமையலறைகளுக்கு அந்த யோகம் இல்லை. ஒரு கான்ட்ராக்டர், இரண்டு சம்மட்டி, சில நாட்கள். கதை முடிந்தது.

அதற்காக, அந்தச் சமையலறைகளை அப்படியே பூஜிக்க வேண்டும் என்று சொல்வதும் நியாயமில்லை. 1950களில் லெ கொர்பூசியே நகரத்துக்குத் திட்டம் வகுக்க, வீடுகளைப் பெரும்பாலும் ஜனரே, மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோர் கவனித்தார்கள். மந்திரியிலிருந்து பியூன் வரை 13 ரக வீடுகள். கடைசி ரகத்துக்கும் இரண்டு அறை, சமையலறை, குளியலறை, கழிப்பறை உண்டு. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் இந்தியாவில் சமையல் காஸ் அறிமுகமானதே 1955ல்தான், அதுவும் பம்பாயில். சண்டிகரில் முதல் வீடுகள் எழுந்தபோது அடுப்பு என்றால் கரி, விறகு, மண்ணெண்ணெய். ஃப்ரிட்ஜுக்கு இடம், மிக்சிக்கு பிளக் என்ற யோசனைக்கே இடமில்லை. அந்த அறையில் இன்று இத்தனையையும் திணித்து, ஒருக்களித்து நின்று சமைப்பவரிடம் பாரம்பரியம் பற்றிப் பேசினால் கரண்டிதான் பறக்கும்.

ஆகவே மாற்றலாம். எதை மாற்றுவது என்பதுதான் கேள்வி.

புகைக்காகச் செய்த ஏற்பாடு இன்றும் வீணாகவில்லை. வீட்டுக்கு வீடு வேறுபட்டாலும், பின்முற்றத்துக்குத் திறக்கும் கதவு, செங்கல் ஜாலி, உயரத்தில் சிறு ஜன்னல் என்று காற்றுக்கு வழி வைத்திருந்தார்கள். மாடுலர் கிச்சன் வரும்போது முதலில் அடைபடுவது இவைதான். ஜாலிக்கு முன்னால் அலமாரி நிற்கிறது, முற்றத்துக்குக் கூரை விழுகிறது. ஜூனில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. வரவேற்பறையில் ஏசி ஓட, சப்பாத்தி போடுபவர் மட்டும் வேகிறார்.

வெப்பத்தைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. சிலிண்டர் காஸ் காற்றைவிட கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படரும். தரையருகே அது வெளியேற வழி வேண்டும். மேலே மாட்டிய சிம்னி அதற்கு ஈடாகாது.

இன்னொரு மோகம், சாப்பாட்டு அறைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிடுவது. இந்த வீடுகளில் பல, செங்கல் சுவரே கூரையைத் தாங்கும் வகை. கட்டிடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஒரு செங்கல்லையும் உருவக்கூடாது.

கைவைக்க வேண்டிய இடங்கள் வேறு. பழைய ஒயரிங்கை முழுவதும் மாற்றி, ஃப்ரிட்ஜுக்கும் அவனுக்கும் எர்த்துடன் தனித்தனி 16 ஆம்பியர் லைன் இழுக்கலாம். மேடையின் உயரத்தை, கேட்டலாக்கைப் பார்த்து அல்ல, சமைப்பவரை நிற்கவைத்து அளந்து முடிவு செய்யலாம். தொட்டிக்கு அடியில் மலிவான பார்ட்டிகிள் போர்டு போட்டால் மழைக்காலத்தில் உப்பிவிடும். ஈரம் தாங்கும் பிளைவுட்டோ எவர்சில்வரோ நல்லது. சிம்னிக் குழாய்க்கு வெளிச்சுவரைக் குடையாமல், முற்றத்துப் பக்கம் உள்ள திறப்பையே பயன்படுத்தலாம். கொசுவுக்கு பயந்தால் ஜாலியின் உட்புறம் கழற்றக்கூடிய வலை போதும்.

செங்கல்லும் கான்கிரீட்டுமான வெளித்தோற்றத்தைக் காக்க சண்டிகரில் விதிகளும் குழுக்களும் உள்ளன. வீட்டுக்குப் பின்னால் காற்று வரும் வழியைக் காக்க வேண்டியது அங்கே குடியிருப்பவர்கள்தான். வரைபடம் போடும் நாளில் வீட்டுத் தலைவரோடு கான்ட்ராக்டர் பேசி முடிக்கிறார். அடுப்படியில் நிற்பவரையும் அன்று கூப்பிட்டுக் கேட்டால், ஜாலியை அடைக்கலாம் என்று அவர் சொல்ல வாய்ப்பு குறைவு.