புதுப் பூச்சும் பழந்துருவும்

கடலோரப் பங்கு ஒன்றில் வாழும் குடும்பத் தலைவர் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். அவருடைய அன்னையார் சிறுநீரக நோயாளி. வாரம் இருமுறை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்தல் வேண்டும். வாடகைக் காருக்குக் கொடுத்து மாளாமல், சீட்டுப் பணமும் மனைவியின் வளையல்களை விற்ற பணமுமாக ஒன்றரை இலட்ச ரூபாய் சேர்த்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய கார் ஒன்றுக்கு விலை பேசியிருக்கின்றார். இஞ்சின் நன்றாக இருப்பதாக மெக்கானிக் சொல்லிவிட்டாராம். வண்டிக்குப் புதிதாகப் பெயிண்டும் அடித்திருக்கின்றார்களாம். "துரு இருந்தால் எப்படிக் கண்டுகொள்வது?" என்பதே அவருடைய வினா. பழைய கார் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருவதால், அவருக்குரிய விடையை எல்லாருக்குமாக இங்கே எழுதுகின்றோம்.

இஞ்சினைப் பற்றி அவர் கேட்டறிந்தது நன்றே. ஆயினும் இஞ்சின் பழுதானால் பிரித்துச் சரிசெய்யலாம். வேறொன்றை மாற்றியும் வைக்கலாம். உடல் இற்றுப்போன காருக்கு அத்தகைய வைத்தியம் இல்லை. லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் அடியிலே தடித்த இரும்புச் சட்டம் தனியே உண்டு. மாருதி 800 போன்ற சிறு கார்களுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து, பெட்டி பெட்டியாகப் பற்றவைத்து, அந்த உடலையே எலும்புக்கூடாகவும் ஆக்கியிருக்கின்றார்கள். வெளித் தகட்டின் கனமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இதைத் துரு தின்னும்போது கெடுவது அழகு மட்டுமன்று. மோதலின்போது உள்ளிருப்பவர்களைக் காக்க வேண்டிய வலிமையும் சேர்ந்தே போய்விடுகின்றது.

துரு என்பது யாது? இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவோடும் நீரோடும் கூடுவதால் விளைவது. நீரில் உப்புச் சேர்ந்தால் அது மின்னோட்டத்தை எளிதாகக் கடத்தும். ஆகவே அரிப்பு விரைவுபடும். போதாக்குறைக்கு, தகட்டின்மேல் படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத சித்திரையிலும் கடலோரத்து வண்டி துருப்பிடிப்பது இதனாற்றான். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பழைய ரயில் பாலத்தை உப்புக் காற்றிலிருந்து காக்க எத்தனை தலைமுறையினர் ஓயாது பெயிண்ட் பூசினார்கள்! இறுதியில் துருவின் கேட்டினாலேயே 2022 டிசம்பரில் அதன்மீது ரயில் ஓடுவது நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கப்பட்டது. அத்துணைக் கனத்த இரும்புக்கே அந்நிலை எனில், மெல்லிய கார்த் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

துருவுக்கு இன்னொரு குணமும் உண்டு. தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்ளும். ஆதலின் மேலுள்ள பெயிண்டை உள்ளிருந்து தள்ளிக் கொப்புளம்போல் எழுப்பும். பெயிண்டின்மேல் அம்மை வார்த்தாற்போல் சிறு கொப்புளங்கள் தென்பட்டால், அந்நோய் வெளியிலிருந்து வந்ததன்று. உள்ளே தின்று முடித்தபின் வெளியே தலைகாட்டுகின்றது என அறிக. விரல் நகத்தளவு கொப்புளத்துக்கு அடியில் உள்ளங்கையளவு ஓட்டை இருப்பதும் உண்டு.

புதுப் பெயிண்டைக் கண்டு மகிழ வேண்டா என்று நாம் கூறுவதும் இதுபற்றியே. விற்கப் போகும் வண்டிக்குப் பணம் செலவிட்டு ஒருவர் பெயிண்ட் அடிப்பாரானால், அச்செலவைவிடப் பெரியதொன்றை அது மறைத்துத் தரும் என்று அவர் எண்ணியிருக்கலாம். எல்லாரையும் ஐயுற வேண்டும் என்பதன்று. ஏன் அடித்தீர்கள் என்று கேட்பதில் தவறில்லை. பட்டறைகளில் நடப்பது இதுதான்: துருத் தின்ற ஓட்டையின்மேல் வலையோ துணியோ ஒட்டி, பட்டி பூசித் தேய்த்து, அதன்மேல் பெயிண்டை அடித்துவிடுவார்கள். ஓராண்டு வரை ஒன்றும் தெரியாது. பட்டி ஈரத்தை உறிஞ்சி வெடித்த பின்னரே வாங்கியவர் விழித்துக்கொள்வார். சிறு நெளிவைச் சமன்செய்யப் பட்டி பூசுவது முறையான தொழிலே. டிங்கர் வேலை செய்வோரை நாம் பழிக்கவில்லை. ஓட்டை இருப்பதை அறிந்தே அதை மூடி, வாயையும் மூடிக்கொண்டு விற்பதோ திருட்டுக்கு ஒப்பானது. "அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்பது நம் மக்களிடையே நல்ல வியாபாரத் தந்திரமாகப் பேசப்படுவது வருந்தத்தக்கது.

பட்டியைக் கண்டறிய ஒரு சிறு காந்தம் போதும். பெயிண்டில் கீறல் விழாதபடி மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவுகளின் விளிம்பிலும் மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் சட்டென்று பிடிப்பு விட்டால் அங்கே இரும்பில்லை, அல்லது இரும்பின்மேல் கனத்த பூச்சு இருக்கின்றது. (பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது, அங்கே காந்தம் ஒட்டாமைக்கு விற்பவர்மீது சீற வேண்டா.) விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாலும் ஓசை வேறுபடும். வண்டியைப் பகல் வெளிச்சத்தில், உலர்ந்திருக்கும்போது பாருங்கள். கழுவி ஈரம் சொட்ட நிற்கும் வண்டியில் கொப்புளங்களும் பெயிண்ட் வேறுபாடும் கண்ணுக்குப் புலப்படா.

இனி, எங்கெங்கே பார்ப்பது? கதவின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. கண்ணாடி இடுக்கின் வழியே இறங்கும் மழைநீர் அவற்றின் வழியாகவே வெளியேற வேண்டும். மண்ணும் சருகும் அவற்றை அடைத்தால் கதவு ஒரு தொட்டியாகிவிடும். ஆகவே கதவைத் திறந்து, குனிந்து, அடிவிளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி சக்கரத்தையும் எடுத்துவிட்டு, அதன் பள்ளத்தைப் பாருங்கள். எரிவாயு உருளை பொருத்திக் கழற்றிய வண்டியாயின், போல்ட்டுக்குத் துளைத்த இடங்களையும் பாருங்கள். பானெட்டின் கீழே பேட்டரி அமரும் தட்டை அமிலம் தின்றிருக்கும். முன் கண்ணாடியின் ரப்பர் ஓரத்தில் துரு இருந்தால் மழைநீர் உள்ளே கசிந்து கால்வைக்கும் இடம்வரை இறங்கியிருக்கும். எனவே முன்னிருக்கையின் கீழ் விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைக் கையால் தொட்டுப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

இவையெல்லாம் நின்றபடி பார்க்கக் கூடியவை. உயிருக்கு உலை வைப்பவை அடியிலேதான் உள்ளன. கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை இருபுறமும் நீளும் பெட்டி போன்ற பகுதி. ஜாக்கி வைத்துத் தூக்கும் இடம். ஷாக் அப்சார்பரின் தலை வந்து பொருந்தும் குமிழ். பின் அச்சைப் பிடித்திருக்கும் பிணைப்பிடங்கள். இருக்கை வார் தகட்டில் முடுக்கப்பட்டுள்ள இடம். பிரேக் எண்ணெய் செல்லும் மெல்லிய குழாய்கள். இவற்றைப் பார்க்க வண்டியைச் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் மேலே தூக்கச் சொல்ல வேண்டும். அதற்குச் சில நூறு ரூபாய் செலவாகும். ஒன்றரை இலட்சம் கொடுக்க முன்வருபவர் இந்தச் சில நூறுக்குத் தயங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம்! விற்பவர் "தூக்கிப் பார்க்க ஒப்பமாட்டேன்" என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வீடு திரும்புக. தூக்கியபின், உரிமையாளரின் இசைவுடன் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டச் சொல்லுங்கள். நல்ல தகடு கணீரென்னும். இற்ற தகடு மந்தமாய் ஒலித்துச் செதில் உதிர்க்கும். அடிப்புறம் முழுதும் புதிதாகக் கருஞ்சாந்து பூசியிருந்தால், புதுப் பெயிண்டுக்குச் சொன்ன ஐயம் அதற்கும் பொருந்தும். துருவைச் சுரண்டி நீக்காமல் அதன்மேல் பூசிய சாந்து, ஈரத்தை உள்ளே சிறைவைத்துத் தீங்கையே வளர்க்கின்றது.

கண்ணுக்கு எட்டாத துரு எவ்வளவு தொலைவு கொண்டுபோகும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று உண்டு. இத்தாலிய நிறுவனமான லான்சியா தயாரித்த பீட்டா என்னும் கார் பிரிட்டனில் பெரிதும் விரும்பி வாங்கப்பட்டது. அதன் முற்பட்ட வண்டிகளில், இஞ்சினைத் தாங்கும் துணைச்சட்டம் உடலோடு சேரும் இடங்கள் துருவால் இற்றுப்போவது தெரியவந்தது. 1980இல் அந்நிறுவனமே பல வண்டிகளை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. பெரும் நிறுவனம் ஆனபடியால் பணத்தைத் திருப்பித் தந்தது. நம் ஊர்த் தரகரிடம் யார் போய்க் கேட்பது?

நமக்கு மடல் எழுதிய அன்பர் தூத்துக்குடிப் பக்கத்தவராதலால், வண்டியின் பூர்வீகத்தைக் கேட்டறியுமாறு தனியே சொல்ல வேண்டியுள்ளது. மீன் ஏற்றிய வேன்களில் பனிக்கட்டி உருகிய உவர்நீர் பெட்டியின் இடுக்கு வழியே தரைத் தகட்டுக்கு இறங்கும். உப்பளத்து மூட்டை சுமந்த வண்டியின் கதியும் அதுவே. பின்னிருக்கைகளை மீண்டும் பொருத்திக் குடும்ப வண்டி என்று விற்றாலும், இருக்கை முடுக்கிய திருகாணிகள் உண்மையைச் சொல்லிவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் வேறொரு வகை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பின்னர்த் தென்மாவட்டங்களிலும் எண்ணற்ற வண்டிகள் நீரில் நின்றன. அந்த 2023 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அவ்வண்டிகளுள் சில துடைத்து நறுமணம் தெளிக்கப்பட்டுத் தொலைவான ஊர்களில் விலைக்கு வருவதுண்டு. இருக்கை வாரை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். வண்டியைக் கழுவியவர் பெரும்பாலும் அதன் உட்பகுதியை மறந்திருப்பார், சேற்றுக் கோடு அங்கே நிற்கும். இருக்கை நகரும் தண்டவாளத்திலும், டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள திருகுகளிலும் துரு இருந்தால், அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

இத்தனையும் படித்தபின், துரு கண்ட காரெல்லாம் தள்ளத்தக்கது என்று எண்ணிவிடலாகாது. சைலன்சரின்மேல் செம்மை படர்வது இயல்பு. மழையில் நின்ற வண்டியின் பிரேக் வட்டில் காணும் துரு, சில முறை பிரேக் மிதித்தாலே தேய்ந்து போகும். பானெட், கதவு, முன் மட்கார்டு ஆகியவை போல்ட்டால் பொருத்தப்பட்டவை. கெட்டதைக் கழற்றி வேறொன்றைப் போட்டுவிடலாம், விலையைக் குறைக்கச் சொல்லவும் அது நல்ல காரணம். தரைத் தகட்டில் சிறு ஓட்டை ஒன்றிருந்தால், நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகட்டைப் பற்றவைத்து மூடலாம். ஆனால் பக்கவாட்டுப் பெட்டியிலோ, ஷாக் அப்சார்பர் குமிழிலோ, அச்சின் பிணைப்பிடத்திலோ இரும்பு இற்றிருந்தால், விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டா. நோயுற்ற அன்னையை அமர்த்தி நெடுஞ்சாலையில் ஓட்டும் வண்டி அது.

இன்னொன்றும் கருதத்தக்கது. சொந்த உபயோகக் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும்; அதன்பின் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டு வண்டிக்கு அந்த நாள் தொலைவில் இல்லை. மடல் எழுதிய அன்பர் ஆர்.சி. புத்தகத்திலுள்ள தேதியைப் பார்த்து, அன்று ஆகக்கூடிய டிங்கர் செலவையும் விலையோடு கூட்டிக்கொண்டு முடிவு செய்வாராக.

நல்ல வண்டியாகவே அமைந்து வாங்கிவிட்டால், வாரம் ஒருமுறையேனும் அடிப்புறத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாயின் அது உதவாது. மழைக்காலத்தில் கால் விரிப்புகளை எடுத்து வெயிலில் காயப்போடுக. கதவடித் துளைகளை ஓர் ஈர்க்குக் குச்சியால் மாதம் ஒருமுறை குத்திவிடுதல் நன்று. அவ்வேலையை வீட்டுச் சிறுவர்கள் விருப்பத்தோடு செய்வார்கள்.